உயிரணுவின் மூச்சை அடைத்த சாராயம்

கல்வராயன் மலையில் மரவள்ளி, அடிவாரத்தில் கரும்பு. இவற்றின் பச்சை இலைகள் சூரிய ஒளியால் கரியமில வாயுவையும் நீரையும் சர்க்கரையாக்கி, ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இது ஒளிச்சேர்க்கை. நாம் உண்ணும் அந்தச் சர்க்கரையிலிருந்து, நம் உயிரணுக்களிலுள்ள மைட்டோகாண்டிரியா ஆக்சிஜன் துணையுடன் ஆற்றலை எடுக்கிறது. இது உயிரணுச் சுவாசம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மெத்தனாலை நம் ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. மூச்சு ஓடினாலும் உயிரணுக்கள் திணறுகின்றன. மிகுந்த ஆற்றல் தேவைப்படும் பார்வை நரம்பு விரைவில் பழுதாகிறது.

குடித்தவருக்குப் பார்வை மங்கினால், வயிறு வலித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். மாற்று மருந்து உண்டு. மது ஹராம்தான். ஆனால் பழிச்சொல்லுக்கு அஞ்சி மறைத்து, ஓர் உயிரை இழந்துவிடக் கூடாது.