கரி பிடித்த சுவர்: அன்றாட வேலைக்குள் கடவுளைத் தேடிய யூதர்கள்

எபிரேய மொழியில் 'அவோதா' என்றொரு சொல் இருக்கு. வயலில் வேலை செய்வதும் அவோதா, கோயிலில் பலி கொடுப்பதும் அவோதா. அடிமையைக் குறிக்கும் 'எவெத்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். எகிப்தில் இஸ்ரயேலர் செங்கல் அறுத்த அடிமைவேலையை யாத்திராகமம் இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. விடுதலையான பிறகு அவர்கள் கடவுளுக்குச் செய்யப்போகும் வழிபாட்டுக்கும் அதே சொல்தான்.

வேலை, வழிபாடு, அடிமைத்தனம் மூன்றும் ஒரே வேரில். 'கோப்பை கழுவுறதும் தியானம்தான்' எண்டு இப்ப கனபேர் சொல்லுகினம். நல்ல கதைதான். ஆனால் கழுவுறது ஆர், தியானம் எண்டு சொல்லுறது ஆர்? யூத வரலாற்றில் இந்தக் கேள்வி மிகப் பழையது.

கி.பி. 70 இல் உரோமப் படை எருசலேம் கோயிலை அழித்தது. பலிபீடம் இல்லை, குருமாருக்கு வேலை இல்லை. இனி வழிபாடு எங்கே? ரபிமார் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டு மேசை பீடத்தின் இடத்துக்கு வந்தது. பாண் பிய்க்க முதல் ஓர் ஆசிமொழி, பழம் தின்ன முதல் இன்னொன்று, இடி முழங்கினால் ஒன்று, வானவில் கண்டால் ஒன்று. மலசலகூடம் போய்வந்து கை கழுவிய பிறகு சொல்லவும் ஒன்று இருக்கு. உடம்பில் திறந்திருக்க வேண்டியது திறந்தும் மூடியிருக்க வேண்டியது மூடியும் இருப்பதற்கு நன்றி சொல்வது அது. ஒரு நாளைக்கு 100 ஆசிமொழிகள் சொல்ல வேண்டும் என்பது ரபி மெயிரின் கணக்கு. தல்மூத் அதைப் பதிந்து வைத்திருக்கிறது.

அதே தல்மூத்தில் எங்களை நிறுத்தி வைத்த கதை ஒன்று உண்டு. யாவ்னே நகரத்துக் கல்விச்சபையின் தலைவர் ரப்பான் கமாலியேல். பெரிய குடும்பம், பெரிய பதவி. ஒரு வாதத்தின்போது ரபி யெகோசுவாவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து அவமானப்படுத்துகிறார். சபை கொதித்தெழுந்து கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்குகிறது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்க யெகோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். உள்ளே சுவரெல்லாம் கறுப்பு. நீங்கள் கரி சுடுகிறவர் போலக் கிடக்கே எண்டு கேட்கிறார். வருடக்கணக்காக ஒரே சபையில் இருந்தவருக்கு இது இப்பதான் தெரியவருகிறது. அறிஞர்கள் என்ன பாடுபட்டுச் சாப்பிடுகிறார்கள் எண்டுகூடத் தெரியாத ஒருவரைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ கேடு என்பதுதான் யெகோசுவாவின் பதில்.

வேலை புனிதமானது என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. அதைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இனி 18 ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இடம் போடோலியா, இன்று உக்ரைனில் இருக்கும் பகுதி. 1648 இல் தொடங்கிய கொசாக் கிளர்ச்சியில் அங்கே யூதர்கள் ஊர் ஊராகக் கொல்லப்பட்டிருந்தார்கள். மீட்பர் என்று நம்பப்பட்ட சபதாய் செவி 1666 இல் மதம் மாறியதோடு அந்த நம்பிக்கையும் போயிருந்தது. நூல் கற்றவருக்கு மதிப்பு, வண்டியோட்டிக்கும் பால்காரருக்கும் பின்வரிசை என்ற நிலைமை. இங்கேதான் பாஅல் ஷேம் தோவ் (இறப்பு 1760) வருகிறார். ஹசிதிய இயக்கம் தன் தொடக்கத்தை அவரில் காண்கிறது. அவர் மலையில் களிமண் தோண்ட, மனைவி அதை நகரத்தில் விற்றா எண்டு மரபுக் கதைகள் சொல்லும். ஆனால் வரலாற்றாசிரியர் மொஷே ரோஸ்மன் போலந்து வரிப்பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது, மெட்ஜிபிஷ் நகரில் யூத சமூகத்துக்குச் சொந்தமான வீட்டில், அந்தச் சமூகத்தின் ஆதரவோடு வாழ்ந்த ஒருவரைத்தான் கண்டார். ஏழைகளின் கலகக்காரர் என்ற படம் அவ்வளவு நேரானது இல்லை.

அவரைச் சுற்றி வளர்ந்த போதனை மட்டும் புதுத் துணிவோடு இருந்தது. உண்பது, விற்பது, நடப்பது எல்லாவற்றிலும் தெய்வப்பொறி ஒளிந்திருக்கு, கவனத்தோடு செய்தால் அது மேலெழும் என்றார்கள். மெசெரிச் குருவிடம் தான் போனது வேதம் படிக்க இல்லை, அவர் சப்பாத்து நாடா கட்டுவதைப் பார்க்கத்தான் என்று ஒரு சீடர் சொன்னதாகக் கதை உண்டு. 1772 இல் வில்னாவின் தலைவர்கள் ஹசிதியரை விலக்கி வைத்தார்கள். சப்பாத்து நாடா படிப்பின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

ஆனால் அந்தச் சப்பாத்தைக் கட்டியவர்கள் ஆண்கள். பண்டிகைக்கு ஆண்கள் குருவின் இல்லத்துக்குப் போவார்கள். வீடு, கடை, பிள்ளைகள் பெண்களின் தலையில்.

அந்தப் பெண்களுக்குத் 'ட்கினெஸ்' என்ற யிட்டிஷ் மொழிச் செபங்கள் இருந்தன. மாவில் ஒரு துண்டைக் கிள்ளி எடுக்கும்போதும் விளக்கேற்றும்போதும் சொல்பவை. 18 ஆம் நூற்றாண்டில் அவற்றை எழுதியவர்களில் ஒருவர் சாரா பாஸ் தோவிம், அதே போடோலியாக்காரி. யோம் கிப்பூர் நோன்புக்கு முன்னர் பெண்கள் மயானத்துக்குப் போய்க் கல்லறைகளைத் திரிநூலால் அளப்பார்கள். அந்த நூலையே திரியாக்கி, உயிரோடிருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் மெழுகுதிரி செய்வார்கள். ஒவ்வொரு திரி வைக்கும்போதும் ஒரு முன்னோரின் பெயர். ஆபிரகாமின் மனைவி சாராளுக்கு வைக்கும் திரியில், ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோனபோது அந்தத் தாய் பட்ட வேதனையை நினைவூட்டி, எங்கட பிள்ளைகள் எங்களிட்ட இருந்து பறிபோகக்கூடாது என்று கேட்பார்கள்.

மெழுகுதிரி செய்வது கைவேலைதான். ஆனால் இங்கே அர்த்தத்தை யாரும் மேலிருந்து கொடுக்கவில்லை. திரித்த கைகளே கொடுத்தன. ஒரு வேலையைப் புனிதம் என்று சொல்லும் உரிமை முதலில் அதைச் செய்பவருக்குத்தான் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

இன்னொரு அளவுகோலும் இந்த மரபுக்குள்ளேயே கிடக்கு. ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளை மிஷ்னா பட்டியலிடுகிறது: உழுதல், பிசைதல், சுடுதல், இரண்டு தையல் போடுதல், இரண்டு எழுத்து எழுதுதல் என்று போகும். பாலைவனத்தில் கடவுளுக்குக் கூடாரம் கட்டச் செய்த வேலைகள் இவை என்பது ரபிமாரின் விளக்கம். அவ்வளவு புனிதமான வேலையும் ஏழாம் நாள் நிற்க வேண்டும். எசமானுக்கு மட்டுமில்லை, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதே உபாகமம் சொல்லும் காரணம். வெள்ளி பொழுதுபட முதல் ஓய்வுநாளுக்கான சமையலை முடிக்கப் பெண்கள் ஓடினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

அவோதா வழிபாடா, அடிமைத்தனமா? செய்பவருக்கு அதை நிறுத்த ஒரு நாள் இருக்கா எண்டு கேட்டால் பாதி விடை கிடைக்கும். மீதியை அறிய அவரது வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.