ரேங்க் பட்டியலும் விடுதி அறையும்: சென்னை மகளிர் கல்லூரிகளின் ஆனர்ஸ் பட்டதாரிகள் குறித்து

பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வந்ததும் திருவேற்காடு, வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கல்லூரி வாசல்களில் பேனர் ஏறிவிடும். ரேங்க் வாங்கிய மாணவியரின் பாஸ்போர்ட் அளவுப் படம், அதன்கீழே பெயர், பாடம், எத்தனையாவது ரேங்க். தாளாளரின் படம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நடுவில் இருக்கும். அது வேறு விஷயம். அந்தப் பெண் விடுதியில் தங்கிப் படித்தாளா, ஆவடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தாளா என்று பேனரில் இராது. கல்லூரி ஆண்டறிக்கையிலும் ரேங்க் ஒரு பக்கம், விடுதி அறைகளின் எண்ணிக்கை வேறொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தங்கிப் படிக்கும் மகளிர் கல்லூரிகளின் கல்விச் சாதனையை ஆனர்ஸ் பட்டியலைக் கொண்டு மட்டும் அளந்தால், அக்கல்லூரிகள் செய்த வேலையில் பெரும்பங்கு கணக்கிலிருந்து நழுவிவிடும் என்பது என் வாதம். பட்டம் தரும் நிறுவனம் ஒன்றாகவும், அந்தப் பட்டத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுசேர்த்த நிறுவனம் வேறாகவும் இருந்த காலம் சென்னையில் உண்டு. பட்டியலில் முன்னதன் பெயர்தான் நின்றது. இதற்கான சான்றைத் தேடித் திருவேற்காட்டைவிட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை. கூவத்தின் போக்கிலேயே சில கிலோமீட்டர் கிழக்கே மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகம் இருந்தது. தம் வாழ்வின் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளை அங்கே மருந்துச் செடிகளோடு கழித்து 1984 பிப்ரவரியில் மறைந்தவர் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள்.

1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பட்டப்படிப்பு முடித்தார். ஆனால் 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பெற்றது மாநிலக் கல்லூரியில். அன்றைய சென்னைப் பல்கலைக்கழக ஏற்பாட்டில் இண்டர்மீடியட்டுக்குப் பிறகு சாதாரண பி.ஏ. இரண்டு ஆண்டு, ஆனர்ஸ் மூன்று ஆண்டு. அந்தக் கூடுதல் ஓராண்டு சும்மா வந்ததல்ல. ஒரே பாடத்தில் ஆழ்ந்து படிக்க வேண்டும். அதற்கேற்ற பேராசிரியர், நூலகம், அறிவியல் என்றால் ஆய்வகம் எல்லாம் வேண்டும். இவ்வளவும் சேர்ந்து கிடைத்த இடங்கள் சில. ஆண்கள் கல்லூரியாக வளர்ந்த மாநிலக் கல்லூரி அவற்றில் முதன்மையானது. ஆகவே ஜானகி அம்மாளின் ஆனர்ஸ் பட்டம் எந்தக் கல்லூரியின் சாதனை என்று கேட்டால் பட்டியலின்படி விடை எளிது. அவரை இளம் வயதில் மலபாரிலிருந்து சென்னைக்கு வரவைத்து, உயர்கல்வியை நடைமுறையில் கைக்கெட்டச் செய்தது எது என்று கேட்டால் வேறு விடை வரும்.

அந்த நாளின் மெரினா சாலையை மனத்தில் வரைந்துபார்த்தால் இது தெளிவாகும். வடக்கே மாநிலக் கல்லூரி. தெற்கே, கேப்பர் மாளிகையில் 1914 ஜூலையில் தொடங்கிய சென்னை மகளிர் கல்லூரி. மூன்றாண்டு கழித்து அதற்கு ராணி மேரி பெயர் வந்தது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. ஆரம்பத்தில் மாணவியர் 37 பேர். இரண்டுக்கும் நடுவே ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த அந்தக் கட்டடத்தை 1917இல் அரசு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய பிராமண விதவையர் இல்லம் அங்கே இயங்கியது. மூன்று கட்டடங்களும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

சுப்புலட்சுமி 1911இலேயே மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். அதாவது பெண் தேர்வெழுதவும் பட்டம் பெறவும் சென்னையில் அப்போது சட்டத் தடை இருக்கவில்லை. கேம்பிரிட்ஜோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நியூன்ஹாம் மகளிர் கல்லூரியின் ஃபிலிப்பா ஃபாசெட் 1890இல் கணித டிரைபாஸ் தேர்வில் எல்லா ஆண்களையும் முந்தினார். முடிவை வாசித்தபோது சீனியர் ராங்ளர் எனப்படும் முதலிடத்துக்கும் மேலே என்று அறிவித்தார்கள்; சீனியர் ராங்ளர் என்ற பெயரோ ஓர் ஆணுக்குப் போயிற்று. பெண்களின் பெயர்கள் தனிப்பட்டியலில் இருந்தன, பட்டமும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல்தான். அங்கே விடுதி முதலில் வந்தது, பட்டம் எண்பது வருடம் தள்ளி வந்தது. சென்னையில் நேர்மாறு. பட்டம் திறந்தே இருந்தது. சிறுமியாக இருந்தபோதே கல்யாணமாகி, அல்லது கணவனை இழந்து, அல்லது வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுபோய் வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்குத் தங்க இடம் இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் அடுப்படி கேட்காத மூன்று மணி நேரம் இல்லை. இந்த நேரத்தைத்தான் விடுதி தந்தது. கல்லூரிச் சாதனை குறித்த ஆய்வுகளில் மிகக் குறைவாக எழுதப்பட்டது இந்த நேரம் என்றே நினைக்கிறேன்.

அந்த இடம் எல்லாருக்கும் கிடைத்துவிடவும் இல்லை. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணப் பெண்களுக்கானது. தீயர் சமூகத்தைச் சேர்ந்த ஜானகி அம்மாள் அங்கே இடம் கேட்டிருக்க முடியாது. சுப்புலட்சுமியின் துணிச்சலைப் போற்றுவோர் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்த சிறுமிகளைக் கல்லூரிவரை நடத்திக் கூட்டிச்சென்ற அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. தங்குமிடம் கல்வியின் நுழைவாயிலாக இருந்த ஊரில், அந்த வாயிலைச் சாதி காவல் காத்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும் என்கிறேன். அரசு நடத்திய ராணி மேரிக் கல்லூரியின் முக்கியத்துவம் இந்த இடத்தில்தான் துலங்குகிறது.

இனி, ரேங்க் பட்டியல் சிறிதும் காட்டாத ஒரு கட்டம். ஆனர்ஸ் முடித்த ஜானகி அம்மாள் வேலைக்குப் போனது சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு. 1915இல் 41 மாணவியரோடு தொடங்கி, அடுத்த ஆண்டே நுங்கம்பாக்கம் டவ்டன் மாளிகைக்கு இடம்மாறிய கல்லூரி அது. அதன் முதல் முதல்வர் எலினார் மக்டூகல், தங்கிப் படிக்கும் பெண்களுக்கென்றே லண்டனில் தொடங்கப்பட்ட வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அறிவியலில் ஆனர்ஸ் முடித்த ஒரு பெண்ணுக்கு 1920களின் சென்னையில் அவளுடைய பாடத்திலேயே மரியாதையான வேலை தரக்கூடிய இடங்கள் மகளிர் கல்லூரிகளைவிட்டால் அரிது. அந்த வேலையில் இருக்கும்போதுதான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஆசியப் பெண்களுக்கென்றே லீவை பார்பர் என்ற வழக்கறிஞர் ஏற்படுத்திய நிதி அது. அங்கும் அவர் தங்கியது மார்த்தா குக் என்ற மகளிர் விடுதியில். 1931இல் டி.எஸ்சி. பட்டம்.

ராணி மேரி, மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, மார்த்தா குக் விடுதி என்ற இந்த நான்கில் மூன்று, பெண்களுக்கென்று ஏற்பட்டவை. ஆனர்ஸ் பட்டம் வந்தது எஞ்சிய ஒன்றான மாநிலக் கல்லூரியிலிருந்து. ஒரு மாணவியைத் தயார் செய்து வெளியே அனுப்பி, பட்டத்தோடு திரும்பி வந்தவளுக்கு வேலை கொடுத்து, அடுத்த படிக்கு ஏற்றிவிட்ட இந்தச் சுற்றைத்தான் மகளிர் கல்லூரிகளின் கல்விச் சாதனை என்று நான் கொள்கிறேன். ஆனர்ஸ் பட்டம் அந்தச் சுற்றில் ஒரு நிறுத்தம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. ஜானகி அம்மாளின் தந்தை நீதித்துறையில் சப் ஜட்ஜ், வீட்டில் நூலகம், இயற்கை அறிவியலில் அவருக்கே ஈடுபாடு. இப்படிப்பட்ட வீட்டுப் பெண் எங்கே தங்கியிருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பாள், விடுதிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். வசதி உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வசதியான வீடு ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய எதிர்காலம் அன்று பெரும்பாலும் நல்ல வரன்தான். நுண்ணோக்கியும், செல்லியல் பயிற்சியும், சம்பளமும் தலச்சேரி வீட்டில் கிடைத்திரா. ஒருவரை வைத்து எல்லாக் கல்லூரிகளையும் எடைபோடலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. போடக்கூடாது. ரேங்க் பட்டியல் எதைக் காட்டத் தவறுகிறது என்பதைக் கண்டுகொள்ள ஒரு வாழ்க்கை போதும். எவ்வளவு தவறுகிறது என்று கணக்கிட நூற்றுக்கணக்கானவை வேண்டும்.

பின்னாளில் அவர் செய்தவை பலருக்கும் தெரிந்தவை. கோயம்புத்தூர் கரும்பு இன வளர்ப்பு நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கலப்பினம் உண்டாக்கினார். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மேக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கோல்சிசின் கரைசலைத் தடவி குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அப்படி வந்த ஒரு மேக்னோலியா வகை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 1977இல் பத்மஸ்ரீ. சைலன்ட் வேலி காட்டைக் காக்கும் போராட்டத்தில் நின்றார்; அவர் மறைந்த அதே ஆண்டில் அது தேசியப் பூங்கா ஆயிற்று. இவற்றுள் ஒன்றுகூட 1921ஆம் ஆண்டுத் தேர்வு முடிவில் தெரிந்திராது.

பட்டத்தின் எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இயற்பியலாளர் அன்னா மணி இன்னொரு சான்று. ஆனர்ஸ் பட்டத்தோடு 1940இல் பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து தனியாகவே ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. இந்திய வானிலைக் கருவிகளுக்கு ஒரு தரத்தை உண்டாக்கிய பெண் கடைசிவரை முனைவர் பட்டம் இல்லாமலே இருந்தார்.

இப்போதைய நிலைக்கு வருவோம். 1978 முதல் தன்னாட்சி பரவியதால் பல கல்லூரிகளின் ரேங்க் அந்தக் கல்லூரிக்குள் மட்டுமே பொருள்படுகிறது. இரண்டு கல்லூரிகளின் முதல் ரேங்குகளை ஒப்பிட வழியில்லை. பேனரில் மட்டும் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. மற்றொரு மாற்றம் இன்னும் ஆழமானது. மேற்குப் புறநகரில் கல்லூரிக்குப் போகும் பெண்களில் மிகப் பலர் இன்று வீட்டிலிருந்து போய்வருபவர்கள். 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதற்குக் கைகொடுக்கின்றன. ஒரு காலத்தில் விடுதி செய்த காரியத்தின் ஒரு பாதியைப் பஸ் செய்கிறது: பெண்ணைக் கல்லூரிக்குக் கொண்டுசேர்க்கிறது. மாலை நேரத்தை அது தருவதில்லை. பூந்தமல்லி சாலை நெரிசலில் ஒரு பகுதியைத் தின்றும்விடுகிறது. வீடு திரும்பிய பின் தண்ணீர் பிடிப்பதும் தம்பியின் வீட்டுப்பாடமும் காத்திருக்கும்.

விடுதியிலும் இந்த நேரம் முழுதாகக் கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாலை ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு நூலகத்தை எட்டு மணிவரை திறந்து வைத்திருப்பதில் மாணவிக்கு என்ன பயன்? தில்லியில் 2015இல் விடுதிப் பூட்டுக்கு எதிராகப் பெண்கள் தெருவுக்கு வந்ததன் பின்னணியில் இருந்ததும் இதுவே. இதற்கிடையே ஆனர்ஸ் என்ற பெயர் யுஜிசியின் நான்காண்டுப் பட்டப்படிப்பு வழியாக 2022 இறுதியில் திரும்பி வந்திருக்கிறது. தமிழ்நாடு மூன்றாண்டிலேயே நிற்கிறது. எது சரி என்ற சண்டையில் இரு தரப்பும் ஆண்டுகளை எண்ணுகின்றன. ஒரு நாளில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் சொந்தம் என்று எவரும் எண்ணவில்லை.

எண்ண முடியாத காரியமுமில்லை. பழைய கல்லூரிகளின் விடுதிப் பதிவேடுகளைப் பல்கலைக்கழகக் காலண்டர்களின் தேர்ச்சிப் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட்டால், யார் எங்கே தங்கி எங்கே பட்டம் பெற்றார், பிறகு எந்தக் கல்லூரியில் ஆசிரியரானார் என்ற சுற்று சில பத்தாண்டுகளுக்காவது தெளிவாகும். திருவேற்காட்டுப் பகுதியின் புதிய கல்லூரிகளுக்கு இது இன்னும் எளிது. விடுதியா, வீட்டிலிருந்தா என்று சேர்க்கையின்போதே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அந்த விவரத்தைத் தேர்வு முடிவுக்குப் பக்கத்தில் வைத்து, பட்டம் வாங்கிய ஐந்தாம் வருடம் அதே மாணவியரை மறுபடி விசாரித்து எழுதினால், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் அடுத்த மதிப்பீட்டின்போது காட்ட பேனரைவிட உருப்படியான ஒன்று இருக்கும்.