வேலி தாண்டிய கிளை

மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. காய் அவருக்கு. கம்பளிப்பூச்சி மட்டும் உங்களுக்கு!

மழைக்காலம் வந்தால் முருங்கைக் கிளை உங்கள் பக்கம் சாய்கிறது. மதில் முழுக்கப் பூச்சி. கொடியில் துணி போட முடியவில்லை. கிளையைக் கழித்துவிடச் சொன்னால், ‘மரம் வெச்சவன் நானு’ என்கிறார். நீங்களே கழித்தால், ‘என் மரத்துல யாரைக் கேட்டுக் கை வெச்சே?’ என்கிறார். கணக்குப் பாஷையில் சொன்னால், சொத்து அவர் பேரேட்டில், செலவு உங்கள் பேரேட்டில்.

விழுப்புரமோ, திண்டிவனமோ, இந்தச் சண்டை இல்லாத தெரு உண்டா? திண்டிவனம் என்ற பெயரே ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். காட்டைப் பெயரில் வைத்திருக்கிற ஊரில் மரச் சண்டைக்கா பஞ்சம்!

ஆனால், இது நம் ஊரில் பிறந்த சண்டை இல்லை. சுமார் 2,600 வருடங்களுக்கு முன்பே ஏதென்ஸில் சோலோன் இதற்குச் சட்டம் போட்டார். அடுத்தவன் நிலத்திலிருந்து ஐந்தடி தள்ளித்தான் மரம் நட வேண்டும். அத்தி, ஆலிவ் என்றால் ஒன்பது அடி. அவற்றின் வேர் தூரம் போகும் என்பது காரணம். கி.மு. 450 வாக்கில் ரோமானியர்கள் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டம், அண்டை நிலத்தில் நிழல் விழாமல் இருக்க 15 அடி உயரம் வரை கிளைகளைக் கழிக்கச் சொன்னது. மரக்காரருக்கும் ஒரு சலுகை உண்டு. தன் மரத்துக் காய் பக்கத்து நிலத்தில் விழுந்தால், போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் மரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாட்சி சொல்லும் வேலை! ஆல், அரசு, பனை போல நெடுநாள் நிற்கும் மரங்களை எல்லையில் நடச் சொல்கிறது மனுஸ்மிருதி. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் எசாலத்தில் 1987-ல் ராஜேந்திர சோழனின் செப்பேடு கிடைத்தது. அது போன்ற சோழர் கால நிலக்கொடைச் சாசனங்களைப் படித்தால், பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருகிறது. சண்டை வராமல் இருக்க நட்டது செடி. இன்றைக்குச் சண்டையே செடியால்தான்!

வேடிக்கை பிற்பாடுதான் ஆரம்பம். அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்கள் வெள்ளைக்காரன் ஆட்சியில். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. அதுவும் ஒரே நிலப்பரப்பாக இல்லை. தென்னாற்காட்டுக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு சட்டம். 1954 வரை இதே நிலைமை.

பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-ல் புதுச்சேரிக்கு வந்தது. அண்டை வீட்டு மரக்கிளை உங்கள் பக்கம் நீண்டால் நீங்கள் வெட்டக் கூடாது. மரக்காரரை வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்பது அதன் விதி. வேர் வந்தால் மட்டும் நீங்களே வெட்டலாம். 1881-ல் பிரான்சில் செய்த திருத்தம் இன்னும் சுவையானது. கிளையிலிருந்து தானாக உங்கள் பக்கம் விழுந்த பழம் உங்களுக்கே!

இங்கிலாந்துச் சட்டம் நேர் எதிர். அங்கே வெப் என்பவர் தன் நிலத்துக்கு மேல் நீண்டிருந்த கிளைகளை முன்னறிவிப்பு இல்லாமல் வெட்டினார். மரத்துக்குச் சொந்தக்காரரான லெம்மன் கோர்ட்டுக்குப் போனார். முதல் சுற்றில் லெம்மனுக்கு ஐந்து பவுண்ட் நஷ்ட ஈடு. மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. 1894 நவம்பரில் பிரபுக்கள் சபையும் வெப் பக்கமே நின்றது. உங்கள் இடத்தில் நின்றபடியே, உங்கள் பக்கம் வந்த கிளையை, சொல்லாமலே வெட்டலாம்!

‘கிளை இருபது வருஷமா இப்படித்தானே நீட்டிக்கிட்டிருக்கு?’ என்ற வாதமும் எடுபடவில்லை. மரம் வளர்ந்துகொண்டே இருப்பது. நேற்றைய கிளை இன்றைய கிளை அல்ல. பிறகு அனுபவ பாத்தியதை எங்கிருந்து வரும்? அதே காலகட்டத்தில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது.

உடனே அரிவாளைத் தேடாதீர்கள்! 1919-ல் இங்கிலாந்தில் இன்னொரு வழக்கு. தன் பக்கம் நீண்ட கிளையிலிருந்து ஆப்பிள்களைப் பறித்து விற்றுக் காசாக்கினார் ஒருவர். அந்தக் காசு மரக்காரருக்கே போக வேண்டும் என்றது நீதிமன்றம். கிளையை நீக்க உங்களுக்கு உரிமை உண்டு, காய்க்கு இல்லை. அவர் நிலத்தில் காலை வைத்தோ, மதிலுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டியோ வெட்டினால் வழக்கு உங்கள் மீது திரும்பும்.

இது வெறும் முருங்கைக்காய் விவகாரம் என்று நினைத்தால், 2024 நவம்பர் 30 இரவை யோசித்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! அப்படி ஓர் இரவில், பட்டுப்போன மரம் ஒன்று உங்கள் ஓட்டுக்கு மேல் சாய்ந்து நின்றால், தூக்கம் வருமா?

அதற்கும் வழி இருக்கிறது. விழுந்து ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருக்கும் மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ மரக்காரருக்கு உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-வது பிரிவு. விழுப்புரத்துக்காரர்களும் திண்டிவனத்துக்காரர்களும் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம். இரண்டு ஊர்களிலும் வருவாய்க் கோட்ட அலுவலகம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

சோலோன் தொடங்கி பிரபுக்கள் சபை வரை இத்தனை பேர் மூளையைக் கசக்கியும், அவர்கள் எழுதியது வெட்டுகிற உரிமையைப் பற்றித்தான். வெட்டிய மறுநாள் அதே மனிதர் முகத்தில் விழிப்பது எப்படி என்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. அது உங்கள் பொறுப்பு.

முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்பார்கள். ஒடித்தால் முருங்கை மறுபடி துளிர்க்கும். உறவு அப்படி இல்லை. அதனால் முதலில் அவர் வீட்டு காலிங் பெல்லை அழுத்துங்கள். ‘சார், நாளைக்கு ஆள் வர்றான், கூலி பாதிப் பாதி’ என்று சொல்லிப் பாருங்கள். கழித்த கிளையில் இருக்கும் காயை மறக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி அது அவருடையது.

அதில் நாலு காய் சாம்பாருக்கென்று உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தால், கேஸ் முடிந்தது!