உறைபனி நாட்டில் ஒரு தார் முற்றம்

ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் என் தங்கை தன் மகனுடன் வசித்து வருகிறாள். சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாத இறுதியில் ஒரு காலைப்பொழுது, கடிதம் எடுப்பதற்காக வெளியே இறங்கியவள் கராஜ் வாசலில் கால் இடறி விழுந்தாள். வலது கை மணிக்கட்டு முறிந்தது. வழுக்கியது பனிக்கட்டி என்றே முதலில் எல்லோரும் எண்ணினோம். மாலையில் நான் சென்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கராஜின் சீமெந்துத் தரையும் அதற்கு முன்னாலுள்ள டிறைவ்வேயும் சந்திக்கும் இடத்தில், தார்த்தளம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் மேலெழுந்து ஒரு படியைப் போல நின்றது. அதிலிருந்து தெருவை நோக்கி மூன்று வெடிப்புகள் ஓடின.

"மாமா, போட்ட அண்டைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. ரெண்டு வின்ரர்தான் கண்டது" என்றான் மருமகன். அவன் குரலில் கோபத்தை விட வெட்கமே மிகுந்திருந்தது. தாய் விழுந்ததற்குத் தானே காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். குறைந்த விலை கேட்ட ஒருவரிடம் நவம்பர் மாதக் கடைசியில் வேலையை ஒப்படைத்திருந்தான். ஒரே நாளில் வந்து, ஒரே நாளில் முடித்து, காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்தவனுக்கு ஒரு பழக்கம் போவதில்லை. ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பது. அந்த இரண்டு அங்குலத்தின் காரணத்தைத் தேடப் புறப்பட்டவன் இருநூறு ஆண்டு வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தேன். அதையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். குளிர்நாடுகளில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர் பலருக்கு இது பயன்படக்கூடும்.

தார் மனிதனுக்குப் புதிய பொருளன்று. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முந்திய மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் நீர் கசியாதிருக்க இயற்கைக் கீல் பூசப்பட்டிருந்தது. அங்கே கீல் பாரம் சுமக்கவில்லை, நீரைத் தடுத்தது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கட்டுரை முழுவதும் இதைச் சுற்றியே நகரப்போகிறது.

நவீன வீதியின் தந்தை எனப்படும் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் லௌடன் மக்கடம், 1816ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதி வீதிகளின் பொறுப்பை ஏற்றார். வீதிக்கு அடியில் பெரும் பாறைகளை அடுக்க வேண்டும் என்பதே அதுவரை நிலவிய கொள்கை. மக்கடம் அதை மறுத்தார். வண்டியின் பாரத்தை இறுதியில் தாங்குவது இயற்கை நிலமே என்றும், அந்த நிலம் உலர்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும் என்றும், நனைந்தால் எதையும் தாங்காது என்றும் அவர் வாதிட்டார். ஆகவே சிறு சிறு கூர்ங்கற்களை நெருக்கமாகப் பரப்பி, சற்று வளைவு கொடுத்து, இருபுறமும் வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றினார். அவருடைய பார்வையில் வீதி என்பது நிலத்துக்குப் போட்ட கூரை. அதே தசாப்தங்களில்தான் இலங்கையில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தார்.

தார் அந்தக் கூரையின் மேற்பூச்சாகப் பின்னர் வந்தது. பெல்ஜியத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எட்வேர்ட் டி ஸ்மெட் என்ற இரசாயனவியலாளர், 1870ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தின் நூவர்க் நகரில் அஸ்பால்ட் வீதியொன்றை இட்டார். 1876இல் தொடங்கி வாஷிங்டனின் பென்சில்வேனியா அவெனியூவுக்கு, திரினிடாட் தீவின் இயற்கைத் தார் ஏரியிலிருந்து வந்த அஸ்பால்ட் பயன்படுத்தப்பட்டது. இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்ற மாவட்ட நில அளவையாளர், பீப்பாயிலிருந்து சிந்திய தாரின்மேல் உலோகக் கசடு கொட்டப்பட்ட இடம் புழுதியின்றி உறுதியாக இருப்பதைக் கண்டு, 1902இல் 'தார்மக்' என்பதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வாகனமும் பெற்றோலியச் சுத்திகரிப்பும் ஒருசேர வளர, சுத்திகரிப்பில் எஞ்சும் கரிய பிசினே உலக வீதிகளின் பொருளாயிற்று. நாம் இன்றும் அதைத் 'தார்' என்றே அழைக்கிறோம். நிலக்கரியிலிருந்து வடித்த பழைய தார் வேறு, இது வேறு.

வெப்ப நாடுகளில் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். குளிர்நாடுகளில் ஒரு புதிர் எஞ்சியது. ஒவ்வொரு பனிக்காலத்திலும் வீதிகள் சில இடங்களில் மேலெழுந்தன. வசந்தத்தில் சேறாகிச் சரிந்தன. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. அதனால்தான் நிலம் உப்புகிறது என்று எல்லோரும் நம்பினர். ஆனால் கணக்கு உதைத்தது. நிலத்திலுள்ள ஈரம் முழுவதும் உறைந்து விரிந்தாலும், வீதிகள் எழுந்த அளவுக்கு அது போதவில்லை.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளரான ஸ்டீபன் ரேபர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு பரிசோதனை அழகானது. மண்ணைத் தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீன் என்ற திரவத்தால் நிரப்பி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது விரிவதில்லை, சுருங்குகிறது. ஆயினும் மண் மேலெழுந்தது! அப்படியானால் விரிவு முதன்மைக் காரணமன்று. உறையும் எல்லையை நோக்கி, கீழேயிருந்து நீர் மேலே இழுக்கப்படுகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல. அந்த நீர் தூய பனிக்கட்டித் தட்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக வளர்கிறது. அத்தட்டுகள் தமக்கு மேலிருப்பவை அனைத்தையும் தூக்குகின்றன. வீடும் தூக்கப்படும், தார்த்தளம் எம்மாத்திரம்?

எந்த மண் இவ்வாறு உறிஞ்சும் என்பதை 1931இல் ஆர்தர் கசாகிராண்டே வரையறுத்தார். ஒஸ்திரியாவில் கல்வி கற்று அமெரிக்காவுக்கு வந்த இளம் பொறியியலாளர் அவர். நியூ ஹம்ஷயர் வீதிகளைப் பனிக்காலத்தில் ஆராய்ந்து, பல அளவுத் துணிக்கைகள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உறைபனி எழுச்சிக்கு இடமுண்டு என்றார். வண்டல் மண்ணே மிகக் கொடியது. நொறுக்கிய கல்லோ நீரை உறிஞ்சி மேலே இழுப்பதில்லை; கீழே வடியவிடுகிறது. இன்று டிறைவ்வேக்கு அடியில் கல் போடச் சொல்வதன் காரணம் இதுவே. கல் வெறும் பலத்துக்காக அன்று, திரியை அறுப்பதற்காக.

வசந்தகாலத்தின் கேடு இன்னும் பெரிது. உறைந்த நிலம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக உருகுகிறது. மேலே உருகிய நீர், கீழே இன்னும் உறைந்திருக்கும் அடுக்கினால் தடுக்கப்பட்டு, சட்டியில் நின்ற கூழைப் போலத் தேங்கிவிடுகிறது. இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை அமெரிக்க இராணுவத்தினர் லொறிகளை இடைவிடாது ஓட்டி நடத்திய மாபெரும் வீதிப் பரிசோதனையில், சேதங்களின் பெரும்பகுதி வசந்த உருகலின் போதே நேர்ந்தது. ஒன்ராறியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல வீதிகளில் கனரக வாகனங்களின் பாரத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். என் தங்கை விழுந்ததும் மார்ச் மாதத்தில்தான்.

அடுத்து, தாரின் குணம். வெயிலில் இளகுவதும் குளிரில் கண்ணாடியாய் இறுகுவதும் அதன் இயல்பு. கடுங்குளிரில் தளம் சுருங்க முயல்கிறது. நிலம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவை தாங்காமல் குறுக்கே வெடிக்கிறது. கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் சென்ற் ஆன் என்ற இடத்தில் 1967இல் அமைத்த பரிசோதனை வீதி, குளிர்நாட்டுக்கு மென்மையான தாரே ஏற்றது என்பதைக் களத்தில் காட்டிற்று. 1987இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வுத் திட்டமொன்றின் பயனாக, தாரைத் தரம் பிரிக்கும் புதிய முறை 1990களில் வந்தது. தென் ஒன்ராறியோவில் பரவலாகப் பயன்படுத்தப்படும் தாரின் தரம் '58–28'. தளம் 58 பாகை வரை சூடேறினாலும், சைபருக்குக் கீழே 28 பாகை வரை குளிர்ந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். வடக்கே போகப் போக அந்த இரண்டாவது எண் 34 ஆகிறது.

இவ்வளவும் படித்த பின், மருமகனின் டிறைவ்வேயை மீண்டும் போட வந்த வயது முதிர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் பழைய தளத்தை வெட்டித் திறந்தபோது, நானும் அருகில் நின்றேன். படித்ததெல்லாம் கண்முன்னே கிடந்தது. தாரின் கனம் ஓரிடத்தில் ஒன்றரை அங்குலம். அதற்குக் கீழே கல் மூன்று அங்குலம்கூட இல்லை. அதற்கும் கீழே தோட்டத்துக் கருமண்ணும் ஈரக் களிமண்ணும். கூரைப் பீலியின் குழாய் நேராகக் கராஜ் மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் வீட்டு அத்திவாரம் உறைபனி எட்டாத நான்கடி ஆழத்துக்கு இறங்குகிறது. ஆகவே கராஜ் அசையவில்லை. அதனருகே நீர் ஊறிய மண் எழுந்தது; தார்த்தளமும் எழுந்தது. இரண்டுக்கும் இடையில் என் தங்கையின் கால் அகப்பட்டது.

நவம்பர் மாதக் கடைசியும் ஒரு குற்றவாளியே. தார்க்கலவை ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் புறப்படுகிறது. 80 பாகை அளவுக்கு ஆறுமுன் உருளையால் நசுக்கி முடிக்க வேண்டும். குளிர்காற்றில் மெல்லிய தளம் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். பின்னர் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. இறுகாத தளத்தில் நுண்துளைகள் எஞ்சும். அவற்றின் வழியே நீர் இறங்கும். கூரையே ஒழுகினால் வீடு என்னாவது?

இம்முறை ஜூன் மாதத்தில் வேலை நடந்தது. ஓரடிக்கு மேல் தோண்டிக் கருமண்ணை அகற்றினார்கள். களிமண் மேலேறிக் கல்லோடு கலவாதபடி துணி விரித்தார்கள். நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லை ஒரே தடவையில் கொட்டாமல் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் இறுக்கினார்கள். மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் சரிவு, வீட்டிலிருந்து தெருவை நோக்கி. பீலிக் குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்பினார்கள். அதன்பின் பெருங்கல் கலந்த எச்.எல். 8 கலவை இரண்டு அங்குலம், மேலே நுண்மையான எச்.எல். 3 கலவை ஒன்றரை அங்குலம். முதல் ஆண்டில் மேற்பூச்சுப் பூச வேண்டாம், தார் முதலில் இறுகட்டும் என்றார் அந்த முதியவர். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வெடிப்பு இருந்தால் அடைத்துவிடுங்கள், பனிக்காலத்தில் நீர் அதற்குள் நிற்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் மக்கடத்தைப் படித்தவரல்லர். ஆனால் மக்கடம் சொன்னதையே சொன்னார்.

லொறியிலிருந்து அந்தச் சுண்ணாம்புக்கல் கொட்டியபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. நம் குடாநாடே சுண்ணாம்புக்கல். சிறுவயதில், வெயிலில் குந்தியிருந்து அந்தக் கல்லை உடைத்த பெண்களையும், காலில் சாக்குக் கட்டிக்கொண்டு கொதிதாரை ஊற்றிய ஆண்களையும் பார்த்திருக்கிறேன். பின்னர் நிருபராக எத்தனையோ வீதித் திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். எத்தனை மைல், எத்தனை இலட்சம், நாடாவை வெட்டியவர் யார் என்றெல்லாம் எழுதினேன். அடியில் என்ன போட்டார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. மறு மாரியில் அவ்வீதிகள் குழியானபோது மழையைக் குறை கூறி எழுதினேன்.

மருமகனுக்கும் நான் அதையே சொன்னேன். ஏமாந்தவன் அவன் மட்டும் அல்லன். மேலே கறுப்பாக, வழவழப்பாகத் தெரிவதற்கே நாம் எல்லோரும் விலை பேசுகிறோம். தளம் போட ஒருவர் வந்தால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள் என்று கேளுங்கள். எத்தனை அங்குலக் கல், எந்த மாதத்தில் வேலை, நீர் எங்கே போகும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

புதிய தளம் இதுவரை சில பனிக்காலங்களைக் கண்டுவிட்டது. கராஜ் வாசலில் விளிம்பு எழவில்லை. தங்கையின் மணிக்கட்டு பொருந்திவிட்டாலும் குளிர் கூடும் நாள்களில் வலிக்கிறது. இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது அவள் ஒரு கணம் நின்று, காலால் தடவிப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்கிறாள்.