மூன்று விரல் உப்பு: வங்கதேசத்தில் ஒரு மருந்து முழுமை பெற்ற விதம்

பொதுச் சுகாதாரத்தில் கண்டுபிடிப்பு என்பது ஆய்வகத்தோடு முடிந்துவிடுகிறது, அதை மக்களிடம் கொண்டு சேர்ப்பது மட்டுமே மிச்சம் என்ற எண்ணம் நம் திட்ட அறிக்கைகளில் ஊறிக் கிடக்கிறது. உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாற்றைப் படிப்பவர்க்கு அந்த எண்ணம் நிலைக்காது.

அறிவியல் எளியது. வயிற்றுப்போக்கின்போதும், சர்க்கரை சேர்ந்திருந்தால் சிறுகுடல் உப்பை உள்ளிழுத்துக்கொள்ளும். உப்பின் பின்னே நீரும் செல்லும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதன் பயனை நிறுவினர். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் இரத்தநாளம் வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. கரைசலுக்கு அவர் இட்ட பெயர் 'வாய்வழி சலைன்'. சலைன் என்ற சொல்லுக்கு மக்களிடம் இருந்த மதிப்பைக் குவளை நீருக்கு மாற்றிக் கொடுத்த அந்தப் பெயரையும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

முகாமில் மருத்துவர் உடனிருந்தார். கிராமத்தில்? 1980 முதல் பத்தாண்டுகள், வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. கரைசல்தூள் பொட்டலம் எட்டாத ஊர்களுக்கு அவர்கள் கொண்டு சென்றது ஓர் அளவு முறை: மூன்று விரல் நுனியால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே தாயின் விரல்களே தராசாக வேண்டியிருந்தது. அரை சேர் எவ்வளவு என்பதை அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளமிட்டுக் காட்டினர். பின்னொரு நாள் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று தாய்மார்களிடம் கேள்வி கேட்பார். அவர்கள் நினைவில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்தே ஊழியரின் ஊதியம்.

தாய்மார்கள் நன்றாகக் கற்றார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தார்கள். 'விழிப்புணர்வுக் குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். பிராக் காரணத்தைத் தேடிப் போனது. கிராமத்தார் வயிற்றுப்போக்கைப் பல நோய்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தனர். அவர்கள் 'டைரியா' என்றது காலரா போன்ற கடும் வகையை மட்டுமே. ஊழியர்கள் டைரியாவுக்கு மருந்து என்றார்கள். தாய்மார்களும் டைரியாவுக்கு மட்டும் கொடுத்தார்கள். சொன்னதைப் பிசகாமல் கேட்டவர்களை அறியாதவர்கள் என்பது எப்படி நியாயம்?

அடுத்தது இன்னும் முக்கியமானது. ஊழியர்களில் பலருக்கே அந்தக் கரைசலில் நம்பிக்கை இருக்கவில்லை. நம்பாதவர் சொல்வதை மனப்பாடம் செய்யலாம். காய்ந்த உதடுகளோடு மடியில் கிடக்கும் பிள்ளைக்கு அதைப் புகட்டக் கை வராது. ஊழியர்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, கரைசல் வேலை செய்யும் விதத்தை நேரில் காட்டினார்கள். வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களை விட்டுவிட்டதும் தெரியவந்தது. பள்ளிவாசலிலும் சந்தையிலும் அவர்களிடம் பேசினார்கள். அதன்பின் பயன்பாடு உயர்ந்தது.

இவற்றைச் 'சமூகத் தடைகள்' என்று குறிப்பது ஆய்வுலக வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. சேர்மானத்தின் அளவு, நோயின் பெயர், ஊழியரின் நம்பிக்கை, கணவனின் சம்மதம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் குழந்தைக்கு நீர் சேராது. முதலாவதை மட்டும் அறிவியல் என்று அழைப்பதற்குக் காரணம் இல்லை. பிராக் முறையிலும் ஒரு குறை உண்டு: நினைவாற்றலை அளந்து கூலி கொடுத்ததால், அது முதலில் நினைவாற்றலையே வளர்த்தது. எதை அளக்கிறோம் என்பதும் மருந்தின் பக்குவத்தைச் சேர்ந்ததுதான்.

இன்று வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவர்க்கு இக்கரைசல் கிடைக்கிறது. போங்காவ் இருக்கும் இந்தியாவில், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பத்தில் ஆறு பேருக்குத்தான் கிடைக்கிறது.