தடித்த எழுத்தும் தேயிலைப் பெட்டியும்

எழுத்தின் வடிவம் அழகியலுக்கு மட்டுமே உரியதென்று கருதுவோர் பலர். எவருடைய தேவைக்காக எழுத்து தடித்தது என்று வினவும்போதோ அது சமூக வரலாற்றுக்குரிய பொருளாகிவிடுகின்றது. மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டிகள் இவ்வினாவுக்குத் தக்க தொடக்கமாகும். எழுத்து வெட்டிய தகட்டின்மேல் மை தடவிப் பதித்த தோட்டப் பெயரும் தரமும் நிறையும் அவற்றில் ஆங்கிலத்திற் பருத்து நின்றன. கொழுந்து பறித்தவளின் பெயருக்கு அங்கு இடமிருக்கவில்லை.

பருத்த அச்செழுத்து கைத்தொழிற் புரட்சியின் விளைவாகும். நூலைக் கையிலெடுத்து வாசிப்பவனுக்கு மெல்லிய எழுத்தே போதுமாயிருந்தது. வழிப்போக்கனைக் கூவியழைக்கச் சந்தைக்கு வேறோர் எழுத்துத் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வார்ப்பகங்கள் சுவரொட்டிக்கென எழுத்தைப் பருக்கச் செய்தன. 1845இல் றொபேட் பெஸ்லியின் வார்ப்பகம் கிளறண்டன் எழுத்தை வெளியிட்டது. கோட்டின் முனையிலுள்ள சிறு கட்டை வளைந்து தண்டுடன் இணைவதும், தடிப்புக்கும் மென்மைக்குமான வேறுபாடு மட்டாயிருப்பதும் அதன் இயல்புகள். ஆதலால் சாதாரண எழுத்துடன் ஒரே வரியில் இசைந்து நிற்க அதனால் இயன்றது. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் தலைச்சொற்கள் அவ்வெழுத்திலேயே அமைந்தன. மூன்றாண்டுக் காப்புரிமை முடிந்ததும் ஏனைய வார்ப்பகங்கள் அதனைப் பின்பற்றின. எழுத்தும் சந்தைச் சரக்காயிற்று.

தடித்த எழுத்தின் வலிமை, சூழவுள்ள மெல்லிய எழுத்துகளிலேயே தங்கியுள்ளது. எல்லாமே தடித்தால் எதுவும் தடித்ததாகாது. தமிழெழுத்துக்கு முனைக்கட்டை மரபன்று. அதனைத் தடிக்கச் செய்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபடும். எனவே தலைப்புக்கும் முதன்மைச் சொல்லுக்கும் பொருந்துமேயன்றி நீண்ட பந்திக்குப் பொருந்தாது.

மலையகத் தொழிலாளிக்கோ, எழுதிய தாள் நெடுங்காலம் தளையாகவே இருந்தது. அவரது கடனைக் குறித்து, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவரை மாற்றிய ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிந்தது. 1924இல் கோ. நடேசய்யரின் ‘தேசபக்தன்’ வெளிவந்தது. 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்கள் அச்சேறியதோடு கூட்டங்களிற் பாடவும் பட்டன. எழுத்தறியாதோரையும் அச்சுச் சொல் செவிவழி எட்டியது.

இங்கேதான் எழுத்தின் உடைமை மாறுகின்றது. பெட்டியில் உரிமையாளனின் பெயரைத் தடிக்கச் செய்த அதே நுட்பம், தொழிலாளரின் துண்டுப்பிரசுரத்திற் கோரிக்கையைத் தடிக்கச் செய்ய வல்லது. ஆயினும் அச்சகத்தார் மறக்கலாகாதது ஒன்றுண்டு: கோரும் நாட்சம்பளமும் கூடும் இடமும் நாளும் மாத்திரமே தடிக்கட்டும். பக்கம் முழுவதும் கூவினால், உரிமைக்குரல் சந்தை இரைச்சலோடு கலந்துவிடும்.