நயினாதீவுக் கல்லும் இணையத்துக் கள்ளக் கணக்கும்

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குச் செல்வோர் நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவர். அங்குள்ள பழைய தமிழ்க் கல்வெட்டை நின்று பார்ப்போர் சிலரே. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது அவ்வாணை. அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிய கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவருக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. இவ்விதி நிலைக்க வேண்டும் என்பதற்காகக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது.

எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த இந்தக் கல் அண்மையில் என் நினைவுக்கு வரக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. தீவகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து ஊரின் பெயரில் ஓர் இணையத்தளம் நடத்துகிறார். மரண அறிவித்தல்கள், திருவிழாப் படங்கள், பாடசாலைச் செய்திகள் அதில் வரும். செலவைச் சமாளிக்க விளம்பரம் இட்டார். "பார்க்க வாறவை விளம்பரத்தையும் ஒருக்கால் சொடுக்கிவிடுங்கோ" என்று உறவினரிடம் கேட்டுக்கொண்டார். உறவினரும் நாள்தோறும் தவறாமல் சொடுக்கினர். சில வாரங்களில் விளம்பர நிறுவனம் அவருடைய கணக்கை மூடிவிட்டது. சேர்ந்திருந்த பணமும் போயிற்று. "நான் களவெடுத்தனானே, அண்ணை?" என்று கேட்டார். உடனே என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

விளம்பரத்தை ஒருவர் சொடுக்கினால் மட்டுமே விளம்பரதாரர் பணம் செலுத்தும் முறையை 1998இல் பில் குரோஸ் தொடங்கிய கோட்டு.கொம் தேடுதளம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுள் 2002இல் அம்முறையைக் கைக்கொண்டது. 2003இல் அட்சென்ஸ் என்னும் சேவையின் மூலம் பிறருடைய தளங்களிலும் விளம்பரங்களை இட்டு வருமானத்தைப் பங்கிடத் தொடங்கியது. சொடுக்குக்குக் காசு என்றானதும் சொடுக்குவதே ஒரு தொழிலாயிற்று. தம் தளத்து விளம்பரங்களைத் தாமே சொடுக்கிச் சம்பாதித்தோர் ஒரு வகை. போட்டியாளரின் விளம்பரத்தைச் சொடுக்கி அவருடைய பணத்தைக் கரைத்தோர் மற்றொரு வகை. வீட்டிலிருந்தே கூலிக்குச் சொடுக்கும் இல்லத்தரசிகளையும் மாணவரையும் பற்றி 2004 மே மாதத்தில் டைம்ஸ் ஒஃப் இந்தியா எழுதியது. பின்னர் ஆளே வேண்டியிருக்கவில்லை. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் அறுவர் கைதாகினர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகளில் தீநிரலைப் புகுத்தி, விளம்பரங்கள் வழியாக 1.4 கோடி டொலர் ஈட்டினர் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டியது.

இதனைக் கண்டு பத்திரிகைக்காரர்களாகிய நாம் மூக்கில் விரல் வைக்க வேண்டியதில்லை. விற்காத பிரதிகளையும் விற்றதாகக் காட்டி விளம்பரக் கட்டணத்தை உயர்த்துவது அச்சுலகின் பழைய நோய். அதனால்தான் இந்தியாவில் 1948இல் விற்பனைத் தணிக்கைக் கழகம் அமைந்தது. விற்பவன் சொல்லும் எண்ணிக்கையை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இணையத்தில் எண்ணுபவரும் காசு வாங்குபவரும் ஒருவரே. அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் பரிசுப்பொருள் கடை ஒன்று 2005இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் கூகுள் 9 கோடி டொலர் வரையிலான இணக்கத்துக்கு வந்தது. அதில் வழக்கறிஞர் கட்டணமும் அடக்கம். விளம்பரதாரருக்குக் கிடைத்ததோ மீண்டும் விளம்பரம் செய்வதற்கான வரவு மட்டுமே. அவ்வழக்கிற்காக நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின் ஓர் அறிக்கை அளித்தார். கூகுளின் முயற்சிகள் நியாயமானவை என்றார் அவர். ஆயினும் அடிப்படைச் சிக்கல் ஒன்றையும் சுட்டிக்காட்டினார். கள்ளச் சொடுக்கு எதுவெனக் கண்டறியும் விதிகளை வெளியிட்டால் மோசடிக்காரர் அவற்றைத் தாண்டிச் செல்வர். வெளியிடாவிட்டால் விளம்பரதாரர் தம் கணக்கைச் சரிபார்க்க இயலாது.

இங்கேதான் நயினாதீவுக் கல் பேசுகிறது. மன்னன் தருமத்துக்காக மட்டும் அதனை நாட்டவில்லை; பண்டாரத்தின் பங்கையும் அவன் விடவில்லை. எனினும் அலைகடல் தாண்டி வருகின்ற வணிகன், கலம் உடைந்தால் தனக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் புறப்படும்போதே அறியலாம். முகம் தெரியாதவரோடு நடத்தும் வணிகத்துக்கு அதுவே முதல். இன்று எந்தச் சொடுக்கு தள்ளுபடியானது, ஏன் தள்ளுபடியானது என்பது விளம்பரதாரருக்கும் முழுமையாகத் தெரியாது; கணக்கை இழந்த என் நண்பருக்கும் தெரியாது.

இரண்டு நாட்களின் பின் நண்பருக்குப் பதில் சொன்னேன். "ஓம் தம்பி, களவுதான். உன் மாமியார் சொடுக்கிய ஒவ்வொரு சொடுக்குக்கும் எங்கோ ஒரு கடைக்காரன் காசு கட்டினான். அவனும் ஒரு வேளை ஊரை விட்டுப் போன ஒருவன்தான். ஆனால் எந்தச் சொடுக்குக்கு எவ்வளவு கழித்தோம் என்று உனக்குக் கணக்குக் காட்டாமல் கதவை அடைத்தவர்களும் நேர்மையானவர்கள் என்று சொல்லமாட்டேன்."

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கல்வெட்டைப் படமெடுத்துத் தளத்தில் இடுவதாகச் சொன்னார். விளம்பரம் இல்லாமலே.